ஈரம் காயாத மலையில் 4–7 வயதுப் பிள்ளைகளுக்கு ஓவியம், கைவேலை: என்ன பொருள், என்ன அளவு?

மலர்_கோத்தகிரி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்), பொது அறையில் சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் ஓவிய வகுப்பு. பிள்ளைகள் 14 பேர். மாதம் 600 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய வழியில்லை. அறைக்கு ஒரே ஜன்னல், தண்ணீர்க் குழாய் வாசலுக்கு வெளியே. அக்டோபரில் மழை பிடித்தால் டிசம்பர் வரை இங்கே எதுவும் சீக்கிரம் காயாது. சமவெளியில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துச் செய்தால் பாதி வேலைக்கு ஆகவில்லை. சிக்கல்களைச் சொல்கிறேன்.

உப்பு மாவு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப். பத்து நாளாகியும் பொம்மைகள் முழுதாகக் காயவில்லை. மேலாகக் காய்ந்ததும் பனிமூட்டம் இறங்கிய அன்று மறுபடி வேர்த்துப் பிசுபிசுத்துவிட்டன.

மைதா பசை: மூன்றாம் நாளே பூஞ்சை. மயில்துத்தம் கலக்கலாம் என்கிறார்கள். பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள், அதனால் பயமாக இருக்கிறது.

போஸ்டர் கலர்: சாதாரண ஏ4 தாள் சுருண்டுபோகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒட்டிக்கொள்கிறது.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை இது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, பக்கத்தில் தென்னை மரம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தென்னையே இல்லாத ஊரில் பதினாலு தென்னை மரம்! இதிலிருந்து பிள்ளைகளை எப்படி வெளியே கொண்டுவருவது?

—

சோலைநிழல்_குன்னூர்:

மலர் மேடம், முதல் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், ஈரம். உங்கள் அளவில் தப்பில்லை. இந்த ஊர் காற்றுக்குப் பொருள்தான் ஒத்துவரவில்லை.

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் பொம்மையிலும் நடக்கிறது. அடுப்பில் சுட்டு எடுத்தாலும் அடுத்த பனிமூட்டத்தில் திரும்ப வேர்க்கும். ஜூன் முதல் ஜனவரி வரை நம் பக்கம் உப்பு மாவே வேண்டாம்.

பதிலுக்கு சோடா மாவு செய்யுங்கள். சமையல் சோடா 2 கப், கார்ன்ஃப்ளார் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். மூன்றையும் பச்சையாகவே கட்டியில்லாமல் கரைத்து, அதற்குப் பிறகு அடுப்பில் வைத்து மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதல் சில நிமிடம் பால் மாதிரியே இருக்கும். பிறகு அடியில் திடீரென்று இறுகும், அந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மசித்த உருளைக்கிழங்கு பதம் வந்தவுடன் இறக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் உதிரி உதிரியாகப் போய், எவ்வளவு பிசைந்தாலும் ஓரம் வெடிக்கும். இறக்கியதும் ஈரத்துணி போட்டு மூடி ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் மேலே ஏடு கட்டி, பிசையும்போது வெள்ளைத் துணுக்குகளாக நிற்கும். இந்த அளவுக்கு ஏறக்குறைய எண்ணூறு கிராம் மாவு கிடைக்கும். 14 பேருக்கும் ஆளுக்கொரு பெரிய எலுமிச்சை அளவு உருண்டை வரும்.

செய்யும் உருவம் எங்கேயும் ஒரு சென்டிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், மூன்றாம் நாள் நடுவில் பிளக்கும். யானை செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு, கசக்கிய செய்தித்தாளை நூலால் சுற்றி உள்ளே வைத்து, மேலே மாவைப் போர்த்தச் சொல்லுங்கள். காயவைக்கத் தட்டு வேண்டாம், கம்பி வலை அல்லது பழைய சல்லடை போதும். அடியிலும் காற்று போக வேண்டும். தினமும் ஒரு தடவை புரட்டிவிட்டால் மழையிலும் நான்கைந்து நாளில் கெட்டியாகும்.

பசைக்கு மயில்துத்தம் கண்டிப்பாக வேண்டாம். அது விஷம். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்குப் பயந்து போடுவது, பிள்ளைகள் கைக்கு வரக் கூடாத பொருள். பூஞ்சைக்கு மருந்து தேடுவதைவிட அன்றன்றைக்கே கிளறிவிடுவது நல்லது. மைதா 3 டேபிள்ஸ்பூன், அரை கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை கப் தண்ணீரில் ஊற்றி மூன்று நான்கு நிமிடம் கிளறினால் கண்ணாடி போல ஆகும். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் மைதா அதற்கு முன்பே கெட்டிப்படும் என்பதால் கவலையில்லை. 14 பிள்ளைகளுக்கு ஒரு வகுப்புக்கு இது தாராளம். மிஞ்சினால் மறுநாள் உரக்குழியில் கொட்டிவிடுங்கள். மூன்று டேபிள்ஸ்பூன் மைதா பெரிய நஷ்டமில்லை.

தாள் சுருள்வதற்கு: தண்ணீர் படும் வேலைக்கு ஏ4 தாளே கூடாது. தேயிலைத் தொழிற்சாலையில் பழைய காகிதச் சாக்கு கேளுங்கள். பல அடுக்கு பழுப்புத் தாளால் ஆனது, உள்பக்கம் மட்டும் ஈரம் புகாத அடுக்கு இருக்கும். வெளி அடுக்குகளை உரித்து எடுத்தால் அருமையான கனத் தாள். பழுப்பு நிறத்தின் மேல் வெள்ளை வண்ணம் எப்படி எடுப்பாக நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வெள்ளைத் தாளில் அது நடக்காது.

காயவைக்கக் கொடி கட்டித் துணி கிளிப் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. ஒன்று மட்டும் மிக முக்கியம்: சீக்கிரம் காயட்டும் என்று கரி அடுப்பையோ குமுட்டியையோ மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, உயிரைக் குடிக்கும். ஒரே ஜன்னல் உள்ள அறையில் அந்த யோசனையே வரக் கூடாது.

—

மண்வண்ணம்_கொடை:

கொடைக்கானலிலிருந்து. மேலே சோலைநிழல் சொன்னது அத்தனையும் சரி. சோடா மாவு பற்றி ஒரே ஒரு சேர்க்கை. அது காரத்தன்மை உள்ளது. காய்ந்த பொம்மைக்கு மஞ்சள் கரைத்துப் பூசினால் மஞ்சளாக இருக்காது, செம்மஞ்சளாகத் திரும்பிவிடும். தெரிந்து செய்தால் அது ஒரு வேடிக்கை. தெரியாமல் செய்தால் "சூரியன் கெட்டுப்போச்சு" என்று பிள்ளை அழும்.

600 ரூபாயில் வண்ணம் வாங்கவே தேவையில்லை என்பது என் கருத்து. மண் இருக்கிறதே! பாதைக்காக வெட்டிய மேட்டில் செம்மண், காவி மஞ்சள், சாம்பல் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும் இடங்கள் நம் இரண்டு மலைகளிலும் உண்டு. காய்கறி நிலத்திலும் தேயிலைக் காட்டிலும் எடுக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். மழையில் ஊறிய சரிவுக்குக் கீழேயும் போக வேண்டாம். வெயில் காலத்திலேயே இரண்டு மூன்று டப்பா சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை: இரண்டு கைப்பிடி மண்ணை அரை வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். கையை எடுத்துவிட்டு இருபது எண்ணுங்கள். எண்ணுவது பிள்ளைகள் வேலை, அவர்களுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அதற்குள் மணலும் பொடிக்கல்லும் அடியில் உட்கார்ந்துவிடும், நயமான மண் மட்டும் மிதக்கும். அந்தக் கலங்கல் நீரைப் பழைய வேட்டித் துணி வழியாக இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். அடியில் நின்ற மணலை வெளியே கொட்டிவிடலாம். கலங்கல் ஒரு ராத்திரியில் தெளியும். குளிரில் இன்னும் ஒரு நாள் இழுத்தால் ஒரு சிட்டிகை படிகாரத் தூள் போடுங்கள், சீக்கிரம் தெளியும். மேல் தண்ணீரை மெல்ல வடித்தால் அடியில் தோசை மாவு பதத்தில் வழவழவென்று நிற்பதுதான் உங்கள் வண்ணம். விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், நறநறப்பு இருந்தால் இன்னொரு தடவை வடிகட்ட வேண்டும்.

இதை அப்படியே பூசினால் காய்ந்ததும் உதிரும். ஒரு கப் மண் கூழுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஃபெவிகால் கலக்குங்கள். ஒரு துண்டுத் தாளில் தீட்டி, காய்ந்தபின் விரலால் தேயுங்கள். கையில் தூள் ஒட்டினால் இன்னும் அரை ஸ்பூன் சேருங்கள். பளபளப்பாகி, தாளை வளைத்தால் கோடு கோடாக வெடித்தால் பசை கூடிவிட்டது, மண் கூழை ஏற்றுங்கள். கறுப்புக்கு அடுப்புக்கரியைப் பொடித்துத் துணியில் சலித்தும், வெள்ளைக்கு சாக்பீஸை இடித்தும் இதே விகிதத்தில் செய்யலாம். கரியைப் பொடிப்பது பெரியவர்கள் வேலை, கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு இடித்தால் தூசு பறக்காது. உங்கள் கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர் என்ற பழங்குடி மக்கள் மண்ணையும் மரப்பாலையும் கொண்டு வரைகிற மரபு இருக்கிறது. மண்ணால் வரைவது உங்கள் மலைக்குப் புதிதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அடுத்தது தேயிலை. டஸ்ட் டீ 2 டேபிள்ஸ்பூன், தண்ணீர் ஒரு டம்ளர், பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டினால் நல்ல பழுப்பு மை. வெள்ளை மெழுகுவர்த்தியால் தாளில் அழுத்தி ஏதாவது வரையச் சொல்லுங்கள், கண்ணுக்கே தெரியாது. மேலே டீ டிகாஷனைப் பூசினால் மெழுகுக் கோடு மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும். நான்கு வயதுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. மெழுகை மெதுவாக உரசினால் வராது. குளிரில் மெழுகு இறுகிக் கிடக்கும், கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்துவிட்டு வரையச் சொல்லுங்கள். கிரேயானுக்கும் அப்படித்தான்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. துருப்பிடித்த ஆணி பத்தை அரை கப் வினிகரில் போட்டு வைத்தால், நம் குளிருக்குப் பத்து நாளில் இரும்பு நீர் தயார். டீ பூசிக் காய்ந்த தாளில் இந்த நீரால் கோடு போட்டால் கண்ணெதிரே சாம்பலாகி, கறுப்பாகும். டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து மையாகிறது, பழைய காலத்து எழுதும் மைகள் பலவும் இந்த வகைதான். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போட்டும் கறுப்பு வரவில்லை என்பார்கள். அது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, அதனால்தான் வராது. பாட்டில் மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். பிள்ளைகள் கைக்குப் பாட்டிலைக் கொடுக்காமல் ஒரு மூடியில் பத்து சொட்டு ஊற்றிக் கொடுங்கள்.

மஞ்சளும் விட்டுவிடக் கூடாதது. ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் கால் கப் தண்ணீரில் போட்டுத் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். மஞ்சள் அடியில் தங்கும், தொடும்போதெல்லாம் கலக்க வேண்டும். பிறகு ஈரத் தூரிகையைத் துணி சோப்பில் தேய்த்துக் கோடு போட்டால் செங்கல் நிறம். எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சள். வெயிலில் மாட்டினால் சில நாளில் வெளிறிவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு இன்னும் அடர் சிவப்பைத் தரும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்பே போதும்.

—

மலர்_கோத்தகிரி:

இருவருக்கும் மிக்க நன்றி. காகிதச் சாக்கு இங்கே கேட்டால் கிடைக்கும். ஆணி இன்றைக்கே ஊறப்போடுகிறேன். இரண்டு சந்தேகம். உருளைக்கிழங்கு அச்சு செய்தால் வண்ணம் சொதசொதவென்று பரவி உருவமே தெரியவில்லை, ஏன்? நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் கொடுக்கலாமா? தென்னை மரத்துக்கு யாராவது வழி சொல்லுங்களேன்.

—

கோடும்_கட்டமும்_லவ்டேல்:

உருளைக்கிழங்கு வெட்டிய இடத்தில் தண்ணீரும் மாவும் கசிந்துகொண்டே இருக்கும், அது வண்ணத்தைக் கரைக்கிறது. வெட்டியதும் பருத்தித் துணிமேல் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள், நடுவில் துணியை ஒருமுறை மாற்றுங்கள். உருவத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டர் ஆழமாவது செதுக்க வேண்டும், அது பெரியவர்கள் வேலை. வண்ணத்தில் முக்கவே கூடாது. நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சில் கெட்டி வண்ணத்தைத் தடவி, அதில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். தாளுக்கு அடியில் நான்கு மடிப்பு செய்தித்தாள் இருந்தால் அச்சு முழுதாக விழும். சாப்பிடும் பொருளை வீணாக்குவது வீட்டுப் பெரியவர்களுக்கு மனசுக்கு ஒப்பாது, அது நியாயம்தான். மண்டியில் கழிக்கும் கேரட்டும் பீட்ரூட்டும் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கேரட் குறுக்கே வெட்டினால் செதுக்காமலே வட்டம், பீன்ஸ் காம்பு புள்ளி.

கத்தரிக்கோல் கொடுக்கலாம், முனை மழுங்கியதாக. ஆனால் நான்கு வயதுக்குக் கோட்டின்மேல் வெட்டச் சொல்லாதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நாடாவாகக் கிழித்த தாளைக் கொடுங்கள். ஒரு நறுக்கில் ஒரு துண்டு விழும், அந்தத் துண்டுகளே ஒட்டுப்படத்துக்கு ஆகும். ஐந்தரை, ஆறு வயதில் வளைவு வெட்ட வரும். அப்போதும் திருப்ப வேண்டியது தாளை, கத்தரிக்கோலை அல்ல. இதை யாராவது ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். கிரேயானை மூன்று சென்டிமீட்டராக உடைத்துக் கொடுங்கள். முழு நீளத்தைப் பிள்ளை முஷ்டியில் பிடிக்கும். துண்டை விரல்நுனியால்தான் பிடிக்க முடியும்.

இப்போது தென்னை மரம். பிள்ளைகள் மேல் தப்பில்லை. யாரோ ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டியதை, அல்லது அண்ணன் நோட்டில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். "என்ன வேணுமோ வரையுங்க" என்று வெற்றுத் தாளைக் கொடுத்தால் மனசில் தயாராக இருக்கும் படம்தான் வரும். முழுச் சுதந்திரம் கொடுப்பதைவிட ஒரு கட்டுப்பாடு கொடுப்பது அவர்களை யோசிக்க வைக்கும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

முதல் கட்டுப்பாடு தாளின் வடிவம். ஒரு முழு சார்ட்டை நீளவாக்கில் பத்து சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டினால் ஐந்து பட்டை வரும். மூன்று சார்ட்டில் 14 பேருக்கும் ஆகி ஒன்று மிஞ்சும். முக்கால் மீட்டர் நீளம், ஒரு சாண்கூட அகலமில்லை. இதில் இரண்டு மலையும் சூரியனும் பொருந்தாது. "வீட்டு வாசலிலிருந்து இங்கே நடந்து வந்த வழியைப் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். படி எத்தனை, எங்கே நாய் படுத்திருந்தது, எங்கே வழுக்கியது, எந்த வீட்டு அடுப்புப் புகை வந்தது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நீங்கள் ஒரு கோடுகூடப் போடாதீர்கள்.

இரண்டாவது, பொருளைக் கையில் கொடுங்கள். எஸ்டேட்டில் இருக்கிறீர்கள், ஆளுக்கொரு கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும். முதல் ஐந்து நிமிடம் தாளே கிடையாது. ஓரத்தை நகத்தால் தடவச் சொல்லுங்கள், ரம்பப் பல் மாதிரி நெருடும். மொட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை முடி தெரியும். இலையைத் திருப்பினால் நடு நரம்பு புடைத்திருக்கும், பக்க நரம்புகள் ஓரத்தைத் தொடாமலே வளைந்து ஒன்றோடொன்று சேரும். மூத்த இலைக்கும் அடுத்த இலைக்கும் பச்சை ஒன்றா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு கறுப்புக் கிரேயான், உள்ளங்கை அளவுத் தாள் இல்லை, பெரிய தாள். இலை தாள் முழுக்க வர வேண்டும் என்பது மட்டும் விதி. நான்கு வயதுப் பிள்ளை வெறும் கிறுக்கலாகப் போட்டு நடுவில் அழுத்தமாக ஒரு கோடு போட்டால், அது நரம்பைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். போதும்.

ஐந்து வயது வரை மனிதனை வரைந்தால் தலையிலிருந்தே கால் முளைக்கும், வயிறு இருக்காது. அது அந்த வயதின் படம், திருத்த வேண்டாம். "ரொம்ப அழகு" என்று எல்லாப் படத்துக்கும் சொல்வதையும் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: "இங்கே ஆரம்பிச்ச கோடு அந்த ஓரம் வரை போயிருக்கே." பிள்ளை தானாகவே மீதியைச் சொல்லும். பசை எவ்வளவு தொட வேண்டும், தூரிகையை எப்படி வழிக்க வேண்டும் என்பதையெல்லாம் செய்து காட்டியே ஆக வேண்டும். ஆனால் துண்டுத் தாளில் காட்டிவிட்டு மடித்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். உங்கள் மாதிரி சுவரில் தொங்கினால் பதினாலும் அதே மாதிரிதான் வரும்.

ஆறு, ஏழு வயதுக்கு எண்ணிச் செய்யும் வேலை ரொம்பப் பிடிக்கும். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் புத்குளிப் போர்வையில் போடும் பூவேலை எதையும் முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், துணியின் இழையை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் போடுவது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்கள் வடிவங்களை அப்படியே பிரதி எடுக்கச் சொல்லாமல், எண்ணும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டத் தாள், சிவப்பு, கறுப்பு இரண்டே கிரேயான். "மூன்று சிவப்பு, ஒரு காலி, அடுத்த வரியில் ஒரு கட்டம் தள்ளி" என்று பிள்ளையே விதி வைத்துக்கொள்ளட்டும். ஒரு கட்டம் பிசகினால் கீழே முழுக்கக் கோணும். அழிக்க வேண்டாம், அந்தக் கோணலையே புது விதியாக வைத்துத் தொடரச் சொல்லுங்கள்.

—

சோலைநிழல்_குன்னூர்:

தாள் வேலையிலிருந்து மாறி இலை பொறுக்கப் போவீர்கள் என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரமான மண்சுவரில் ஒரு பெரணி வளரும், இலையின் அடிப்பக்கம் வெள்ளை மாவு பூசியது போல இருக்கும். மழைத்துளி இல்லாத இலையைப் பறித்து, வெள்ளைப் பக்கத்தைப் புறங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் இலை அப்படியே வெள்ளையாக அச்சாகும். கறுப்புத் தாளிலும் விழும், ஆனால் தொட்டால் கலையும், வீட்டுக்குக் கொண்டுபோக ஆகாது. இலை உரசலுக்குக் கற்பூர மர இலை சரிவராது, நரம்பு மேலெழும்பி இருக்காது. நரம்பு புடைத்த இலையை அடிப்பக்கம் மேலே வருமாறு வைத்து, மெல்லிய தாள் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும்.

போகும் முன் நீங்கள் தனியாக ஒருமுறை அந்தப் பாதையைப் பார்த்துவிடுங்கள். காஞ்சொறி இருக்கும் ஓரத்தை விட்டுவிட வேண்டும், நம் மலைக் காஞ்சொறி பட்டால் மணிக்கணக்கில் எரியும். மணி மாதிரி தொங்கும் பெரிய ஊமத்தைப் பூ வேலியோரம் எங்கும் நிற்கிறது. பூ, இலை, விதை எல்லாமே விஷம், அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால்கூடப் பாவை விரிந்துவிடும். உண்ணிப்பழத்தை வண்ணத்துக்கு நசுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், பச்சைக்காய் நஞ்சு, அதுவும் வேண்டாம்.

—

மலர்_கோத்தகிரி:

தெளிவாகப் புரிந்தது. வரும் சனிக்கிழமை பட்டைத் தாளில் நடந்து வந்த வழி. அதற்கு அடுத்த வாரம் கொழுந்து. ஆணி ஊறியதும் டீ மை. மண் கூழ் மிஞ்சினால் எத்தனை நாள் வைக்கலாம்?

—

மண்வண்ணம்_கொடை:

ஃபெவிகால் கலக்காத கூழைக் காயவைத்து வில்லையாக வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் கெடாது. வேண்டும்போது உடைத்து முந்தின நாள் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பசை சேருங்கள். பசை கலந்தது நம் ஈரத்தில் ஒரு வாரத்தில் நாறும், அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் கலக்கவும். 14 பேருக்கு ஒரு நிறத்துக்கு அரை கப் போதும். கிண்ணத்துக்குக் கொட்டாங்குச்சி அல்லது கூழ் அட்டை முட்டைத் தட்டு. முட்டைத் தட்டு ஒரு மணி நேரத்தில் ஊறி ஓட்டை விழும், அடியில் பழைய தட்டு வைத்துவிடுங்கள்.